பல்லிடுக்கில் சிக்கிய நூல்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே பிள்ளை வீட்டில் எல்லோரும் நலம். நீ நலமா என்று கேட்கவே பயமாக இருக்கிறது. ஃபோன் செய்தால் எடுப்பதில்லை. எடுத்தாலும் நீ பாதி நான் பாதி பேசி, யார் என்ன சொன்னோம் என்று விளங்காமலே சண்டையில் போய் முடிகிறது. கடிதத்தில் குறுக்கே பேச முடியாதே! அதனால்தான் பேனாவை எடுத்தேன். கிழித்துப் போடுவதானாலும் படித்துவிட்டுக் கிழி.

நம் தையல் கடைக்கு அடுத்த இஸ்திரிக் கடைக்காரர் நேற்று ஃபோனில் பேசினார். சொல்லலாமா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் இழுத்துவிட்டு, "உங்க அக்கா முன்பல்லு ரெண்டும் புதுசா வச்சிருக்காங்கம்மா. இம்ப்ளான்டாம். சிரிச்சா கடையே பளிச்சுன்னு இருக்கு" என்றார். சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. கூடவே சுருக்கென்றும் இருந்தது. உன் வாயில் பல் முளைத்த செய்தி இஸ்திரிக் கடை சுற்றித்தான் எனக்கு வரவேண்டுமா?

அந்த இரண்டு பல்லும் எப்படித் தேய்ந்து உடைந்தன என்று என்னைத் தவிர யாருக்குத் தெரியும்? கத்தரி கைக்கெட்டும் தூரத்தில் தொங்கும். ஆனாலும் நூலைப் பல்லால் கடித்து அறுத்தால்தான் உனக்குத் தைத்த மாதிரி இருக்கும். பள்ளிக்கூடம் திறக்கும் சமயத்தில் சீருடைகள் மலையாகக் குவியும். எதிரெதிரே நம் இரண்டு மிஷினும் ஓடும். நடுநடுவே 'டக்' என்று உன் பல் சத்தம். வெட்டும் மேசைக்கு அடியில், துண்டுத் துணிக் குவியலின் மேல் என் பிள்ளை தூங்குவான். அந்தச் சத்தம் கொஞ்ச நேரம் கேட்கவில்லை என்றால் எழுந்து உட்கார்ந்துவிடுவான், ஞாபகம் இருக்கிறதா? இப்போது அவனுக்கே இரட்டைப் பிள்ளைகள். நம்பவே முடியவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எனக்குப் பின்பக்கம் இரண்டு இம்ப்ளான்ட் உண்டு என்பதால் இந்த ஒன்றில் மட்டும் நான் உனக்கு மூத்தவள், கேட்டுக்கொள். அது இரும்புபோல இருக்கிறது, சொத்தை வராது என்று நினைத்து விட்டுவிடாதே. பல்லுக்கு ஒன்றும் ஆகாது, சுற்றியிருக்கும் ஈறுதான் கெடும். ஈறு கெட்டால் உள்ளே எலும்பு கரையும். பல்லைத் தாங்க எலும்பில் பதித்த அந்தத் திருகுக்கு நரம்பு கிடையாது, அதனால் ஆரம்பத்தில் வலிக்கவும் வலிக்காது. மிருதுவான பிரஷ் வாங்கு. பல்லும் ஈறும் சேரும் இடத்தில் சாய்த்துப் பிடித்து மெதுவாகத் தேய். உள்பக்கத்தை மறந்துவிடாதே. இடுக்கில் விட ஒரு குட்டி பிரஷ் விற்கிறார்கள், நடுக்கம்பிக்கு மேலே பிளாஸ்டிக் பூசியதாகப் பார்த்து வாங்கு. இடுக்கில் விட்டு இழுத்துச் சுத்தம் செய்ய, இம்ப்ளான்டுக்கென்றே பஞ்சுபோல் தடித்த ஃபிளாஸ் நூலும் உண்டு. குண்டூசியால் குத்தும் வேலை வேண்டவே வேண்டாம்.

எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.

உன்,
பொடிசு

ஜனவரி 21

பொடிசுக்கு,

கிழிக்கவில்லை. ஓரத்தில் இடம் நிறைய விட்டு எழுதியிருந்தாய், காகிதத்தை வீணாக்கும் பழக்கம் போகவில்லை.

பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் போய், ஆறு மாதத்தில் வந்துவிடுகிறேன் என்று சொன்னவளுக்கு இரண்டு வருடம் கழித்து என் பல்லின் மேல் அக்கறை வந்திருக்கிறது. மகராசி! நீ போன மறுநாளே உன் மிஷினுக்குத் துணி போட்டு மூடினேன். அதன் மேல்தான் இப்போது வாடிக்கையாளர்கள் பையை வைக்கிறார்கள். "உங்க தங்கச்சி எப்ப வருவாங்க?" என்று கேட்பவர்களிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

பல்லைப் பற்றிக் கேட்டாய். டாக்டர் சின்ன வயசுதான், கை சுத்தம். தாடையில் திருகைப் பதித்துவிட்டு, அது எலும்போடு ஒட்டும்வரை மாதக்கணக்கில் காக்கவைத்தார். அதுவரை கழற்றி மாட்டும் தற்காலிகப் பல்லை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பேசினால் ஆடும், தும்மினால் பறக்கும். ஒருநாள் ஒருவருக்குக் கோட்டு அளவெடுக்கும்போது அந்த மனிதரின் சட்டைப் பைக்குள்ளேயே விழுந்துவிட்டது. அவர் பாவம், எடுத்துத் துடைத்துக் கொடுத்துவிட்டு, "தோள்பட்டை சரியா வந்துச்சாம்மா?" என்று கேட்டார். நீ இருந்திருந்தால் மேசைக்கு அடியில் புகுந்து சிரித்திருப்பாய். எனக்குச் சிரிக்க ஆளில்லை, அளவை எழுதிக்கொண்டேன்.

போன மாதம் நிரந்தரப் பல் மாட்டினார்கள். கண்ணாடியில் பார்த்தால் சீருடை தைத்த காலத்து வாய் திரும்பி வந்த மாதிரி இருக்கிறது. வாய்தான் வந்தது.

குட்டி பிரஷ் வாங்கினேன். ஃபிளாஸ் நூல் என்று ஒரு பெட்டியை மருந்துக் கடைக்காரர் எடுத்து நீட்டினார். திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன். சுவர் முழுக்க நூல்கண்டு அடுக்கி வைத்திருக்கிறவள் நூலுக்கு மருந்துக் கடைக்குப் போவதா? நூல் விஷயத்தில் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

அக்கா

பிப்ரவரி 2

அக்கா,

உன் கடிதத்தைப் படித்து, அந்தச் சட்டைப் பை இடத்தில் நான் விட்ட சத்தத்துக்கு இரட்டையர் இரண்டும் ஓடிவந்துவிட்டன. என்ன ஏது என்று தெரியாமலே அவையும் சேர்ந்து சிரித்தன.

ஆனால் கடைசி வரிகளை இரண்டு முறை படித்தேன். தையல் நூலையா பல்லிடுக்கில் விட்டு இழுக்கிறாய்? வேண்டாம் அக்கா, உன்னைக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். நூலைப் பற்றி உனக்குத் தெரியாதது இல்லை. ஆனால் இந்தப் பல்லின் கழுத்து பழைய பல் மாதிரி வழவழவென்று இருக்காது. திருகும் பல்லும் சேரும் இடத்தில் நூல் உரசினால் பிசிறும். பிசிறு உள்ளே மாட்டிக்கொண்டால் வெளியே தெரியவே தெரியாது. புதுப் பல்லால் நூலைக் கடிக்கிறாயா என்றும் கேட்கவேண்டும் என்று இருந்தேன். பதில் எழுதாதே, எனக்குத் தெரியும், கடிக்கிறாய்.

நம் வீட்டுக் குளியலறைக் கண்ணாடி இன்னும் இருக்கிறதா? மூலையில் ரசம் போய்க் கருத்திருக்குமே, அது. சின்ன வயதில் நாம் இரண்டு பேரும் அதன் முன்னால் நின்று பல் தேய்ப்போம். யாருக்கு நுரை அதிகம் என்று போட்டி. அப்பா வெளியிலிருந்து, "பல்லைத் தேய்க்கிறீங்களா, சட்டினியா அரைக்கிறீங்க?" என்பார். அவர் போய், அம்மா போய், பிறகு என் வீட்டுக்காரரும் போய், நான் கைக்குழந்தையோடு உன்னிடமே திரும்பி வந்த மறுநாள் காலையில் பார்த்தால் எனக்கு ஒரு புது பிரஷ் வாங்கி உன் பிரஷ்ஷுக்குப் பக்கத்தில் வைத்திருந்தாய். ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லவில்லை. அந்த பிரஷ்ஷைப் பார்த்துத்தான் நான் அன்றைக்கு அழுதேன். இதுவரை உன்னிடம் சொன்னதில்லை.

மருமகள் நல்ல பெண். இங்கே ஒரு குறையும் இல்லை.

பொடிசு

மார்ச் 6

பொடிசு,

பதில் எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது. வேலை என்று எழுதினால் நம்புவாயா? நம்பாதே.

நீ எழுதிய பிறகும் நான் நூலை விடவில்லை. வீம்புதான், வேறென்ன. இப்போது இடதுபக்கப் பல்லின் மேல் ஈறு சிவந்து உப்பியிருக்கிறது. பிரஷ் பட்டாலே ரத்தம். வலி கிடையாது, அதுதான் இன்னும் பயமாக இருக்கிறது. உப்புத் தண்ணீரில் கொப்பளித்துப் பார்த்தேன், கேட்கவில்லை. வாயில் ஒரு வாடை வருகிறது. எனக்கே தெரிகிறது என்றால் எதிரில் நிற்பவர்களுக்குத் தெரியாதா? அளவெடுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு எடுக்கிறேன். நேற்று ஒரு கல்யாணப்பெண் கவுனைப் போட்டுப் பார்த்துவிட்டு, ஆசையாக என்னைக் கட்டிப்பிடிக்க வந்தாள். நான் பின்னால் நகர்ந்துவிட்டேன். அந்தப் பெண்ணின் முகம் வாடிப்போனது.

டாக்டரிடம் போகவில்லை. போனால் கழற்றிவிடுவார். இந்த வயதில் மறுபடியும் அந்தக் கழற்றி மாட்டுகிற பல்லோடு கடையில் உட்கார என்னால் முடியாது. கடையை மூடிவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது. அதையும் மூடிவிட்டு எங்கே போவேன் என்று கேட்காதே.

அக்கா

மார்ச் 11

அக்கா,

இந்தக் கடிதம் கைக்கு வந்த அன்றே டாக்டரிடம் போ. பாதியில் நிற்கும் சட்டை பாதியிலேயே நிற்கட்டும். ரத்தம் வந்தால் கழற்றித்தான் ஆகவேண்டும் என்றில்லை. சீக்கிரம் போனால் சுத்தம் செய்தே காப்பாற்றிவிடுவார்கள். தள்ளிப் போட்டால்தான் போகும். நாளைக்கு நாளைக்கு என்று என்னை மாதிரி இருந்துவிடாதே. தனியாகப் போகப் பயமாக இருந்தால் இஸ்திரிக் கடைக்காரரைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொள். நான் அவரிடம் ஃபோனில் சொல்லிவிட்டேன். கோபப்படாதே.

நான் பக்கத்தில் இருந்திருந்தால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருப்பேன். இல்லையே.

பொடிசு

மார்ச் 20

பொடிசு,

உன் ஏற்பாட்டின்படி இஸ்திரிக் கடைக்காரர் அடுப்புக்கரியை அணைத்துவிட்டு, புதுச்சட்டை போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றார். பெண் பார்க்கப் போகிற மாதிரி இருவரும் போனோம். அவர் வழியெல்லாம், "ஒண்ணும் ஆகாது, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிக்கொண்டே வந்ததில் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

டாக்டர் வாயைத் திறக்கச் சொன்னார். விளக்கைக் கிட்டே இழுத்தார். எக்ஸ்ரே எடுத்தார். பிறகு மெல்லிய பிளாஸ்டிக் முனை ஒன்றை ஈறுக்கு அடியில் விட்டுத் துழாவினார். எதையோ பிடித்து இழுக்கிறார், வருகிறது, வருகிறது, வந்துகொண்டே இருக்கிறது. வெள்ளைத் துணியில் போட்டுக் காட்டினார். கருநீல நூல். பிசிறு பிசிறாகத் திருகைச் சுற்றிக் கிடந்திருக்கிறது.

"அம்மா, என்ன தொழில் பண்றீங்க?" என்றார்.

"தையல்" என்றேன்.

"ஃபிளாஸ் என்ன வாங்குறீங்க?"

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்துதான் இருந்தது, பேசவில்லை என்று சொல்கிறேன். இஸ்திரிக்காரர் கதவோரத்தில் நின்றுகொண்டு, "அது பேன்ட்டு ஓரம் மடிச்சுத் தைக்கிற நூலு சார். நல்ல உறுதி. சலவையில சாயமே போகாது" என்றார். டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பிறகு சிரித்தார். அவர் சிரித்ததும்தான் பல் தப்பித்தது என்று எனக்குத் தெரிந்தது.

எலும்பு கொஞ்சம் கரைந்திருக்கிறதாம். இத்தோடு நின்றால் பயமில்லை என்றார். உள்ளே கழுவி மருந்து வைத்தார். இனி காலையும் இரவும் கண்ணாடி முன்னால் நின்று நிதானமாகச் செய்யவேண்டும், அவசரப்பட்டால் பல் தங்காது என்றார். அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறார், அதன் பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. மருந்துக் கடையில் ஃபிளாஸ் வாங்கிவிட்டேன். அந்த மனுஷன் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். நூலை இப்போது கத்தரியால்தான் வெட்டுகிறேன். கை பழக மாட்டேன் என்கிறது. ஒவ்வொரு முறையும் நூலை வாய்வரை கொண்டுபோய்விட்டுத் திரும்புகிறேன்.

காலையில் அந்தக் கருத்த கண்ணாடி முன்னால் பொறுமையாக நிற்கிறேன். நீ கேட்டாயே, இருக்கிறது. நான் நடுவில் நிற்பதில்லை. பழக்கதோஷம், வலதுபக்கமாகத்தான் நிற்கிறேன். இடதுபக்கம் காலியாகத் தெரிகிறது. தினமும் அதைப் பார்த்துக்கொண்டேதான் தேய்க்கிறேன்.

இப்போது நான் கேட்கிறேன், பதில் சொல். "என்னை மாதிரி இருந்துவிடாதே" என்று எழுதியிருக்கிறாயே, உன்னை மாதிரி என்றால் எந்த மாதிரி? கேட்காமலே இரண்டு கடிதத்தில் "ஒரு குறையும் இல்லை" என்று எழுதினாய். கடைசிக் கடிதத்தில் அதை எழுதவே இல்லை. உன்னை எனக்குத் தெரியாதா? மென்று முழுங்காமல் சொல்.

அக்கா

மார்ச் 29

அக்கா,

மாட்டிக்கொண்டேன்.

எனக்கு இருந்த இரண்டில் ஒன்று இப்போது இல்லை. போன மழைக்காலத்திலேயே எடுத்துவிட்டார்கள். உனக்குப் பக்கம் பக்கமாக அறிவுரை எழுதிய கைக்கு வெட்கமாக இருக்கிறது.

யார் மேலும் தப்பு இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த வீடு சின்னது. குளியலறை ஒன்றுதான். காலையில் பிள்ளை ஆபீஸுக்குப் போகவேண்டும், மருமகள் வேலைக்குப் போகவேண்டும். நான் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டதும் வெளியே கதவுக்கு முன்னால் ஆள் நிற்பது தெரியும். திட்டமாட்டார்கள். "அம்மா, ஆச்சா?" என்று மெதுவாகத்தான் தட்டுவான். அந்த மெதுவான தட்டல்தான் அக்கா என்னால் தாங்க முடியவில்லை. வாயில் தண்ணீரைக் கொப்பளித்துவிட்டு வந்துவிடுவேன். அவர்கள் போன பிறகு செய்யலாம் என்றால் இரட்டையர். கதவைச் சாத்தினால் வீடே இடிகிற மாதிரி அழுவார்கள், கதவை இரண்டு கையாலும் அடிப்பார்கள். ராத்திரி அவர்களைத் தூங்கவைத்துக்கொண்டே நானும் தூங்கிவிடுவேன். குட்டி பிரஷ் இருக்கிறது, ஃபிளாஸ் இருக்கிறது, மருமகளே வாங்கிவந்தாள். கண்ணாடி முன்னால் பத்து நிமிஷம் நிற்கத்தான் இடமில்லை. பல்லுக்காக அவ்வளவு நேரம் கேட்க வாய் வரவில்லை. நம் வீட்டில் ஒருநாளும் நான் நேரம் கேட்டதில்லை, தேவையே வந்ததில்லை.

ஈறு வீங்கியபோது பிள்ளையிடம் சொல்லவில்லை. டாக்டரிடம் போனபோது தாமதமாகிவிட்டது. பழைய பல்தான் விழுந்தது என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான். இன்னொன்றிலும் இப்போது லேசாக ரத்தம் வருகிறது.

பிள்ளைகள் என் மேல் உயிராக இருக்கிறார்கள். நானும்தான். ஆனால் அக்கா, இங்கே எதையும் மெதுவாகச் செய்ய முடியவில்லை. எனக்குக் காஜா எடுக்க வேண்டும்போல் இருக்கிறது. பொத்தான் துளைக்கு ஒவ்வொரு தையலாக, யாரும் கூப்பிடாமல். வீட்டுக்கு வரவேண்டும்போல் இருக்கிறது. உன்னிடம் அன்றைக்கு அப்படிக் கத்திவிட்டுக் கிளம்பியவள் எந்த முகத்தோடு வருவேன்?

அடுத்த வாரம் இங்கே ஒரு டாக்டரிடம் போகிறேன். கவலைப்படாதே.

பொடிசு

ஏப்ரல் 7, காலை

அடியே பொடிசு,

பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் சாலையைத் திட்டு.

எந்த முகத்தோடு வருவேன் என்று எழுதியிருக்கிறாய். பிறந்ததிலிருந்து எந்த முகத்தைப் பார்க்கிறேனோ அந்த முகத்தோடு வா. பல் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. நீ கத்தினாய், நானும் மிஷினைத் தூக்கிக்கொண்டு போ என்று கத்தினேன். போகாதே என்று சொல்ல வாய் வராமல்தான் அதைச் சொன்னேன். நீ இல்லாமல் எனக்கு நன்றாக இல்லை. போதுமா? இதைச் சொல்லத்தான் பஸ் ஏறினேன்.

குழந்தைகளை விட்டுவிட்டு வா என்று சொல்லவில்லை. அவர்கள் எனக்கும் பேரப்பிள்ளைகள்தான். வரும் வருடம் பள்ளிக்கூடம் போய்விடுவார்கள். அதுவரை பாதி நாள் உன் பிள்ளை வீட்டில், பாதி நாள் நம் வீட்டில். நீ நம் வீட்டுக்கு வரும் நாட்களில் நான் அங்கே வந்து அந்த வாலுகளைப் பார்த்துக்கொள்வேன், இல்லையென்றால் அவர்களையும் கூட்டிக்கொண்டு வா, வெட்டும் மேசைக்கு அடியில் இடம் இருக்கிறது. உன் பிள்ளையிடம் நான் பேசிக்கொள்கிறேன். முதலில் உன் பல்லை நம் டாக்டர் பார்க்கட்டும்.

இதுவரை பஸ்ஸில் எழுதியது. மீதியை உன் பிள்ளை வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். கதவைத் திறந்தவன் என்னைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நின்றான். "பெரியம்மா! அம்மா பாத்ரூம்ல இருக்காங்க, கூப்பிடுறேன்" என்று ஓடினான். சட்டையைப் பிடித்து நிறுத்தினேன். சமையலறை ஸ்டூலைத் தூக்கிவந்து உன் கதவுக்கு எதிரே போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

"பெரியம்மா, எனக்கு ஆபீஸுக்கு நேரமாகுது" என்கிறான்.

"கிச்சன்ல போய் மூஞ்சியக் கழுவுடா. மேசைக்கடியில படுத்து வளர்ந்தவன்தானே நீ" என்றேன். உன் மருமகள் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டாள். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. இரட்டையரில் ஒருவன் கதவை அடிக்கக் கையை ஓங்கினான். அந்தக் கையைப் பிடித்து, தூக்கி மடியில் போட்டுக்கொண்டேன். இன்னொருவன் என் இன்ச் டேப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருக்கிறான், நம் ரத்தம்தான்.

இதைக் கதவுக்கு அடியில் தள்ளப்போகிறேன். பார்த்துவிட்டுப் பதறி ஓடி வராதே. கண்ணைத் துடைத்துக்கொண்டு பிரஷ்ஷை எடு. அந்த ஒரு பல்லைச் சுற்றி வெளிப்பக்கம், உள்பக்கம், இடுக்கு, எல்லாவற்றையும் பொறுமையாகச் செய். பத்து நிமிஷம் ஆகட்டும், அரைமணி ஆகட்டும். நீயாகத் திறந்துகொண்டு வரும்வரை இந்தக் கதவை ஒருத்தரும் தட்டமாட்டார்கள். நான் உட்கார்ந்திருக்கிறேன்.

அக்கா